வாத்தியார் ஓட்டு

மைசூரில் 2024இல் நடந்த ஆசிரியர் தொகுதித் தேர்தலில் சம்பளம் பேசப்பட்டது, பென்ஷன் பேசப்பட்டது. வகுப்பறைக்காக ஓட்டுக் கேட்டது யார்?

2024 ஜூன் 3. மக்களவைத் தேர்தல் ஓட்டுகள் மறுநாள் காலையில் எண்ணப்படவிருந்தன. நாடே அந்தப் பேச்சில் இருக்க, மைசூர், மாண்டியா, சாமராஜநகர், ஹாசன் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஆசிரியர்கள் மட்டும் தனியாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மின்னணு இயந்திரம் கிடையாது. காகிதச் சீட்டு, கூடவே தேர்தல் அதிகாரி கொடுக்கும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனா. வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. டிக் அடித்தால் செல்லாது. சொந்தப் பேனாவை எடுத்து எழுதினாலும் செல்லாது. வருஷமெல்லாம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிற கைகள்தான். ஆனாலும் செல்லாத ஓட்டு விழாத ஆசிரியர் தேர்தல் என்று ஒன்று இல்லை.

கர்நாடக சட்ட மேலவையின் தெற்கு ஆசிரியர் தொகுதி இது. மொத்த வாக்காளர்கள் 20 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டுவார்கள். ஜூன் 6ஆம் தேதி மைசூரில் எண்ணி முடித்தபோது, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் கே. விவேகானந்தா 10,823 ஓட்டுகள் வாங்கியிருந்தார். காங்கிரஸின் மரிதிப்பே கவுடாவுக்கு 6,201. இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. நான்கு முறை தொடர்ந்து அந்த நாற்காலியில் இருந்தவர், மேலவையின் துணைத் தலைவராகவும் இருந்தவர், ஐந்தாவது முயற்சியில் 4,622 ஓட்டு வித்தியாசத்தில் வீழ்ந்தார்.

சின்னத் தேர்தல். தில்லிப் பத்திரிகைகள் இரண்டு வரியில் முடித்துக்கொண்டன. ஆனால் கல்வி என்ற பெயரைச் சொல்லி இந்தியாவில் நடக்கும் பொதுத் தேர்தல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அமெரிக்காவில் இருக்கும் உறவினரைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே பெரும்பாலான ஊர்களில் பள்ளி வாரியத்துக்கு ஊர் மக்களே ஓட்டுப் போட்டு ஆட்களை அனுப்புகிறார்கள். பாடத்திட்டம், பட்ஜெட், பள்ளிப் பேருந்து எல்லாமே அந்த மேடையில் சண்டையாகிறது. நம் ஊரில் அந்த மேடை இல்லை. இருப்பது ஆசிரியர் தொகுதி. அதில் என்ன பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்பதைப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

தமிழ்நாட்டு வாசகர்களில் 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மேலவை என்பதே கேள்விப்பட்ட விஷயம்தான். ம.பொ. சிவஞானம் தலைவராக இருந்த தமிழ்நாடு மேலவையை எம்.ஜி.ஆர். அரசு மூட முடிவெடுத்து, 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு அது கலைந்தது. பிறகு தி.மு.க. ஆட்சிகளில் திரும்பக் கொண்டுவர முயன்றார்கள், நடக்கவில்லை. கர்நாடகத்தில் அது தொடர்கிறது. அங்கே அதற்கு வேர் ஆழம். செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த ரங்காசார்லு 1881இல் பிரஜா பிரதிநிதி சபையைத் தொடங்கிவைத்தார். மைசூர் டவுன் ஹாலுக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தச் சபையை அடுத்து 1907இல் வந்த சட்டசபைதான் இன்றைய மேலவையின் முன்னோர். 75 இடங்களில் 7 ஆசிரியர்களுக்கு, 7 பட்டதாரிகளுக்கு. மீதி உள்ளாட்சி அமைப்புகளுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் நியமனத்துக்கும்.

ஆசிரியர்களுக்கு ஏன் தனி இடம்? அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எழுத்தறிவு குறைந்த நாட்டில், படித்தவர்களும் படிப்பிப்பவர்களும் சட்டம் செய்கிற இடத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தார்கள். மைசூருக்கு அந்த எண்ணம் அந்நியமானதும் அல்ல. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த ராதாகிருஷ்ணன் 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டபோது, குதிரையை அவிழ்த்துவிட்டு மாணவர்களே சாரட்டை ரயில் நிலையம்வரை இழுத்துப் போன ஊர் இது.

ஆனால் சட்டத்தின் வாசகத்தில் ஒரு கத்தரிப்பு இருக்கிறது. மேல்நிலை அல்லது உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனத்தில், கடந்த 6 ஆண்டுகளில் மொத்தம் 3 ஆண்டுகளாவது பாடம் நடத்தியிருப்பவருக்கு மட்டுமே ஓட்டு. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு உண்டு. பி.யூ.சி. விரிவுரையாளருக்கு உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அ'னா 'ஆ'வன்னா சொல்லித்தரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்குக் கிடையாது. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்காகவே தேர்வு எழுதி வந்த பட்டதாரி ஆசிரியர்கள்கூட இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கோரிக்கை.

ஓட்டுப் போட இத்தனை நிபந்தனை. தேர்தலில் நிற்க? ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்ததே ஒரு மதராஸ் வழக்குதான். 1970இல் சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் ஜெயித்த நாராயணசாமி பட்டதாரி அல்ல என்று பன்னீர்செல்வம் என்பவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வாக்காளருக்குத்தான் தகுதி, வேட்பாளருக்கு அந்தத் தகுதியைச் சட்டம் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றும் கட்சிகள் ஆசிரியர் தொகுதிக்கு ஆள் தேடுகின்றன. ஹூப்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, 1980 முதல் 8 முறை மேற்கு ஆசிரியர் தொகுதியில் ஜெயித்த பசவராஜ் ஹொரட்டி போன்றவர்களும் வருகிறார்கள், தொழிலதிபர்களும் வருகிறார்கள்.

மைசூர்க் கதையில் கட்சி மாறாட்டமே முதல் காட்சி. பதவிக்காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது, 2024 மார்ச்சில், மரிதிப்பே கவுடா ஜனதா தளத்தை விட்டு, மேலவைப் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டுக் காங்கிரஸில் சேர்ந்தார். ஆளும் கட்சி, சொந்த மாவட்டத்துக்காரர் சித்தராமையா முதல்வர், 24 வருஷப் பழக்கம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் குழப்பம்: பா.ஜ.க. முதலில் இ.சி. நிங்கராஜுவை வேட்பாளராக அறிவித்தது. பிறகு கூட்டணி தர்மம் என்று இடத்தை ஜனதா தளத்துக்கு விட்டுக்கொடுத்தது. தொழிலதிபர் என்று அறியப்பட்ட விவேகானந்தா களத்துக்கு வந்தது அப்படித்தான்.

ஆசிரியர் தொகுதிப் பிரசாரம் மைக் செட் பிரசாரம் அல்ல. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் நுழைவது, தலைமை ஆசிரியரைப் பார்த்து வணக்கம் சொல்வது, சங்க நிர்வாகிகளைக் கூட்டுவது. யார் எந்தப் பள்ளியில், எந்தச் சங்கத்தில், எந்தச் சாதியில் என்ற விவரம் வேட்பாளரின் ஆட்களுக்கு அத்துப்படி. பெயரைப் பட்டியலில் சேர்ப்பதே பாதிப் பிரசாரம், ஏனென்றால் இந்தப் பட்டியல் ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகத் தயாராகிறது. போன தடவை ஓட்டுப் போட்டவரும் மறுபடி 19ஆம் எண் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பவைப்பவருக்கு ஓட்டு நிச்சயம் என்பது இங்கே எழுதாத விதி. விருந்து, அன்பளிப்பு பற்றிய புகார்களும் எல்லா ஆசிரியர் தேர்தல்களிலும் எழுந்து அடங்குகின்றன. ஓட்டு 20 ஆயிரம்தான் என்னும்போது ஒவ்வொரு ஓட்டின் விலையும் தெரிந்துபோகிறது.

பேசுபொருள் என்ன? முதலிடம் பென்ஷனுக்கு. கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்புத் திட்டம்தான். 2024 ஜனவரியில் காங்கிரஸ் அரசு, அந்தத் தேதிக்கு முன்பே விளம்பரம் வெளியாகி, பின்னால் பணியில் சேர்ந்த சுமார் 13,000 பேருக்கு மட்டும் பழைய திட்டத்தைத் திருப்பித் தந்தது. கொஞ்சம் பேருக்குக் கிடைத்ததும் மீதிப் பேரின் ஏக்கம் கூடியது. அரசு உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் நிலைமை இன்னும் மோசம். அரசுச் சம்பளம், அரசுத் தேர்வு, அரசு வேலை எல்லாம் ஒன்றுதான். ஆனால் 2006க்குப் பின் வந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு அரசு கை கொடுப்பதில்லை. முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா என்ற அவர்கள் கேள்வியைப் பேராசை என்று ஒதுக்க முடியாது.

அடுத்தது சம்பளம். கே. சுதாகர் ராவ் தலைமையிலான 7ஆவது ஊதியக் குழு 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்துவிட்டது. தேர்தல் நடத்தை விதி காரணமாக அது அலமாரியில் இருந்தது. அமல் எப்போது என்பதைச் சுற்றியே மே மாதம் முழுவதும் பேச்சு ஓடியது. (ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது, அதற்குள் ஆளும் கட்சி இந்தத் தொகுதியை இழந்துவிட்டது.) பிறகு காலியிடங்கள், இடமாற்றம், மாதாமாதம் சம்பளத்துக்கு ஏங்கும் அதிதி ஆசிரியர்கள்.

இவையெல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஒன்றைக்கூடத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் அதே மாதங்களில் கர்நாடகத்துப் பள்ளிக்கூடங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் இந்தப் பிரசாரத்தில் இருந்த ஓட்டை தெரியும்.

5, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவில் பொதுத் தேர்வு வைப்பது என்று அரசு பிடிவாதம் பிடித்தது. தனியார் பள்ளிகள் கோர்ட்டுக்குப் போயின. ஒரு தீர்ப்பு தடுத்தது, ஒரு தீர்ப்பு அனுமதித்தது. தேர்வின் நடுவே நிறுத்தம், மறுபடி தேர்வு. கடைசியில் 2024 ஏப்ரல் 8ஆம் தேதி, எழுதி முடித்த தேர்வின் முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பத்து வயதுப் பிள்ளை, தான் எழுதியது தேர்வா இல்லையா என்று தெரியாமல் கோடை விடுமுறைக்குப் போனது.

மே மாதம் வந்த எஸ்.எஸ்.எல்.சி. முடிவு இன்னொரு அதிர்ச்சி. தேர்வு அறைகளில் கேமரா வைத்து நேரலையாகக் கண்காணித்தார்கள். 2023இல் 83.89 சதவீதமாக இருந்த தேர்ச்சி 73.40க்கு இறங்கியது. அதுவும் கருணை மதிப்பெண்ணை 10 சதவீதத்திலிருந்து 20ஆக உயர்த்திக் கொடுத்த பிறகு கிடைத்த எண். கருணை இல்லாமல் பார்த்தால் இன்னும் பல படி கீழே. முதல்வரே கருணை மதிப்பெண் பற்றி அதிகாரிகளிடம் கோபப்பட்டார். கேமரா வந்ததும் பத்து சதவீதம் சரிகிறதென்றால், அதற்கு முந்தைய வருஷங்களில் தேர்ச்சி என்று நாம் கொண்டாடியது எதை? ஒரு ஆசிரியர் தொகுதி வேட்பாளர் மேடையேறிப் பேச இதைவிடப் பெரிய விஷயம் கிடைக்குமா? ஆனால் ஓட்டுப் போடுகிறவர்களே அந்தத் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளர்களாக நின்றவர்கள். எந்த வேட்பாளருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

கல்விக் கொள்கையும் அந்தரத்தில் நின்றது. 2021 ஆகஸ்டில் புதிய தேசியக் கல்விக் கொள்கையை நாட்டிலேயே முதலாவதாக அமல்படுத்திய மாநிலம் கர்நாடகம். 2023 மே மாதம் ஆட்சி மாறியது. பாடப் புத்தகங்களிலிருந்து சில பாடங்கள் போயின. முன்பு போனவை திரும்பி வந்தன. அக்டோபரில் சுகதேவ் தோரட் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைந்தது. 2024 மே மாதம், ஆசிரியர் தேர்தலுக்கு நான்கு வாரம் இருக்கும்போது, நான்கு வருஷப் பட்டப் படிப்பு திரும்ப மூன்று வருஷம் ஆனது. நடுவில் சேர்ந்த மாணவர்கள் ஒரு திட்டத்திலும் அடுத்த வருஷம் வந்தவர்கள் வேறு திட்டத்திலும் படித்தார்கள். தேசியக் கொள்கை, மாநிலக் கொள்கை என்று கட்சிகள் மோதியது உண்மை. ஆசிரியர் அறையில் அது கட்சி நிறமாகவே வந்து போனது.

முடிவைக் கட்சி அலை என்று சொல்பவர்கள் உண்டு. முழுதும் சரியல்ல. அதே நான்கு மாவட்டங்களின் மக்களவைத் தொகுதிகளில் மைசூரும் மாண்டியாவும் பா.ஜ.க.–ஜனதா தளக் கூட்டணிக்குப் போயின. ஹாசனும் சாமராஜநகரும் காங்கிரஸுக்குப் போயின. இரண்டுக்கு இரண்டு. ஆசிரியர்கள் மட்டும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை என்ற கோபமும், கால் நூற்றாண்டாக ஒரே முகம் என்ற சலிப்பும், கட்சி தாவியதில் வந்த கசப்பும் சேர்ந்து வேலை செய்ததாகவே தோன்றுகிறது. தொழிற்சங்கத் தேர்தலில் நடப்பதும் இதுதான். பிரதிநிதி பேரம் பேசத் தவறினால் ஆளை மாற்றுவார்கள். ஆசிரியர் தொகுதியும் ஒரு தொழிற்சங்கத் தேர்தல்தான், அரசியல் சட்டம் அதற்கு மேலவை என்று பெயர் வைத்திருக்கிறது, அவ்வளவே. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் மட்டும் ஓட்டைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்காக ஏன் போடவில்லை என்று கேட்டால் எப்படி?

பெற்றோருக்கு ஓட்டு எங்கே? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் யோசனைப்படி, எஸ்.எம். கிருஷ்ணா அரசு 2001 ஏப்ரலில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழுவை அமைத்தது. எஸ்.டி.எம்.சி. என்றால் கர்நாடகத்தில் எந்தக் கிராமத்திலும் புரியும். பெற்றோர் கூடி, தங்களுக்குள்ளிருந்தே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது: குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது வாசகர்கள் பலர் அந்தக் கூட்டங்களுக்குப் போயிருப்பீர்கள்.

சட்டம் இந்தக் குழுவுக்குக் கொடுக்கும் வேலை சாதாரணமானதல்ல. பள்ளியைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. ஆனால் ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், தேர்வு முறை, சம்பளம் எதிலும் அதற்கு வாய் இல்லை. அதாவது பெற்றோர் ஓட்டுப் போடும் இடத்தில் கொள்கை இல்லை. கொள்கை பேசப்படும் இடத்தில் பெற்றோருக்கு ஓட்டு இல்லை. மைசூர் சமஸ்தானம் 1930களில் ஒரு சோதனை செய்து பார்த்தது. ஆரம்பக் கல்வியை மாவட்ட அளவிலான உள்ளூர்க் கல்வி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. பத்து வருஷம்கூட நிம்மதியாக ஓடவில்லை. 1941இல் சர்க்காரே திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இதற்குள் தள்ளிவைக்க முடியாத விஷயங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. 2025 தசராவின்போது பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் சமூக, கல்வி ஆய்வுக்காக ஆசிரியர்கள் வீடு வீடாக அனுப்பப்பட்டார்கள். வேலை முடியவில்லை என்று அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டப்பட்டது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆசிரியருக்கும் இது தொல்லை, பிள்ளைக்கும் நஷ்டம். இரண்டு பேர் நலனும் ஒன்றாகச் சேர்கிற அபூர்வமான இடம் இது.

தோரட் குழு 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்துவிட்டது. குறைந்தது 5ஆம் வகுப்புவரை கன்னடம் அல்லது தாய்மொழி வழியில் படிப்பு, மூன்று மொழிக்குப் பதில் இரண்டு மொழி, பள்ளிக் கட்டமைப்பை 2+8+4 என்று மாற்றுவது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இரண்டு மொழி என்றதும் காது நிமிரும். ஆனால் மைசூரிலும் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு முக்கியம் அந்த 'அல்லது தாய்மொழி' என்ற சொல். அது நடைமுறையில் எத்தனை பள்ளிகளைக் குறிக்கும், அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் யார் தருவார்? பயிற்று மொழியைப் பள்ளிகள்மீது அரசு திணிக்க முடியாது என்று கர்நாடகத்துக்கு எதிராகவே 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பு கொடுத்திருக்கிறது. 2019இல் குமாரசாமி அரசு 1,000 அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்கிவைத்ததும் நினைவிருக்கும். பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அப்போது காரணம் சொன்னார்கள். எந்தப் பெற்றோர், எந்த ஓட்டில், என்று யாரும் கேட்கவில்லை.

இந்த அறிக்கை மேலவைக்கு விவாதத்துக்கு வந்தால், தெற்கு ஆசிரியர் தொகுதியின் உறுப்பினர் என்ன பேசப் போகிறார் என்பது நான்கு மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் தெரிய வேண்டிய விஷயம். அவருடைய பதவிக்காலம் 2030 ஜூன்வரை. அவரைத் தேர்ந்தெடுத்த மாதத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அடுத்த தேர்தலின்போது ஏழாம் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இதுவரை பாடம் நடத்திய ஆசிரியர்கள், இப்போதிருக்கும் சட்டப்படி, அந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட முடியாது.